எண்ணெயையும் நீரையும் இணைக்கும் நுண்ணுயிர்ப் புரதம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

ஒன்றோடொன்று ஒட்டாத உறவைக் குறிக்க, "எண்ணெயும் தண்ணீரும் போல" என்று நம் ஊர்களில் சொல்வது வழக்கம். உவமை பொருத்தமானதே. ஆயினும் நம்மைச் சுற்றிச் சற்று உற்று நோக்கினால், எண்ணெயும் நீரும் கூடி நிற்கும் பொருள்கள் எத்தனையோ இருப்பது தெரியவரும். காலையில் அருந்தும் பால், வெண்ணெய், முகத்தில் பூசும் கிரீம், உழவர் பயிருக்குத் தெளிக்கும் மருந்து, சாலையில் ஊற்றும் தார்ப் பால்மம், பட்டறையில் இரும்பைக் கடையும்போது ஊற்றும் வெண்ணிறக் கூலன்ட் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு அறிவியலில் பால்மம் என்று பெயர்.

தாமாகக் கூடாத இரண்டைக் கூட்டி வைப்பதற்கு இடையில் ஒருவர் வேண்டும். அவ்வாறு இடைநின்று இணைக்கும் பொருளே பால்மமாக்கி. இன்று தொழிற்சாலைகளில் பயன்படும் பால்மமாக்கிகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்தோ, தாவர எண்ணெய்களை வேதி முறையில் மாற்றியோ செய்யப்படுபவை. இவற்றுக்கு மாற்றாக, நுண்ணுயிர்கள் தரும் புரதங்களைக் கொண்டு இயற்கையான பால்மமாக்கிகளை உருவாக்க முடியுமா என்று அறிவியலார் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவற்றுள் ரொட்டிக் கடைகளில் பயன்படும் ஈஸ்ட் தரும் புரதத்தை எடுத்துக்கொண்டு, அதன் தன்மையையும் பயனையும் எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பால்மத்தின் கணக்கு

ஒரு குப்பியில் நீரையும் எண்ணெயையும் ஊற்றிக் குலுக்கினால் எண்ணெய் சிறு சிறு துளிகளாக உடைகிறது. குலுக்குவதை நிறுத்தியவுடன் துளிகள் மேலேறுகின்றன. ஒன்றையொன்று தொட்டு இணைகின்றன. சில நிமிடங்களில் எண்ணெய் தனி அடுக்காகிவிடுகிறது. ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 மில்லி லிட்டர் எண்ணெய் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே எண்ணெயை 1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் ஏறக்குறைய 1.9 இலட்சம் கோடித் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60,000 சதுர சென்டிமீட்டர். அதாவது 6 சதுர மீட்டர். 2 மீட்டருக்கு 3 மீட்டர் உள்ள ஓர் அறையின் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெய், அந்தத் தரை முழுவதும் நீரோடு முகம் கொடுத்து நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பு பெருகப் பெருக, அதில் தேங்கும் ஆற்றலும் பெருகுகிறது. மேட்டில் நிறுத்திய வண்டி பள்ளத்தை நாடுவதுபோல, துளிகள் மீண்டும் இணைந்து தம் பரப்பைக் குறைத்துக்கொள்ள முயல்கின்றன.

பால்மமாக்கியின் பணி இரண்டு. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள இழுவிசையைக் குறைத்து, துளிகள் எளிதில் உடைய உதவுவது முதற்பணி. உடைந்த துளியைச் சுற்றி ஓர் உறைபோல் அமைந்து, அது மற்றொரு துளியோடு இணையாமல் தடுப்பது இரண்டாம் பணி. சோப்பு போன்ற சிறு மூலக்கூறுகள் முதற்பணியில் வல்லவை. அவற்றின் ஒரு முனை நீரை விரும்பும். மறு முனை எண்ணெயை விரும்பும். புரதங்களோ பெரிய மூலக்கூறுகள். அவை மெல்ல வந்து சேரும். ஆனால் வந்து சேர்ந்த பின் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துளியைச் சுற்றி நெகிழ்வும் உறுதியும் உள்ள ஓர் ஏட்டைப்போல் படியும். ஆகவே இரண்டாம் பணியில் புரதமே சிறந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பை மூடுவதற்குச் சில மில்லிகிராம் புரதம் போதும்.

செயற்கைப் பொருள்கள் கற்பித்த பாடம்

நன்றாக வேலை செய்யும் செயற்கைப் பொருள்கள் இருக்கும்போது வேறொன்றைத் தேடுவானேன் என்று கேட்கலாம். இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோப்புக்கு மாற்றாகச் செயற்கைச் சலவைப் பொருள்கள் பெருகின. அவற்றுள் முதன்மையானது, கிளைகள் கொண்ட கார்பன் சங்கிலியுடைய அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட். அது அழுக்கை நன்றாகவே போக்கியது. ஆனால் 1950-களில் அமெரிக்காவிலும் மேற்கு ஜெர்மனியிலும் ஆறுகளிலும் கழிவுநீர் நிலையங்களிலும் நுரை மலைபோல் எழுந்தது. காரணம், கிளைத்த சங்கிலியை நீரிலுள்ள பாக்டீரியங்களால் எளிதில் சிதைக்க இயலவில்லை. மேற்கு ஜெர்மனி 1961-ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் கிளையற்ற நேர்ச் சங்கிலிப் பொருளுக்கு மாறின. பாக்டீரியங்கள் அதைத் தின்றன, நுரையும் அடங்கியது.

ஒரு பொருள் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதோடு, வேலை முடிந்த பின் அது எங்கே, என்னவாகப் போகிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். நுண்ணுயிர்ப் புரதங்களின்மேல் ஆர்வம் எழுந்ததற்கு இதுவே அடிப்படை. ஓர் உயிர் கட்டியதை மற்றோர் உயிர் அவிழ்த்துவிடும்.

ஈஸ்டின் சுவர்

ஈஸ்ட் ஒரு செல் மட்டுமே கொண்ட பூஞ்சை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது இதன் அறிவியற் பெயர். ரொட்டி மாவு உப்புவதும், சர்க்கரைப் பாகு சாராயமாவதும் இதன் செயலே. இதன் செல்லைச் சுற்றிலும் தடித்த சுவர் உண்டு. சுவரின் உட்பகுதி பெரும்பாலும் குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. வெளிப்பகுதியில் மன்னோபுரதம் என்னும் பொருள் நிறைந்திருக்கிறது. பெயரே விளக்குவதுபோல், இது மன்னோஸ் என்னும் சர்க்கரையும் புரதமும் பிணைந்த மூலக்கூறு.

1988-ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரீல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேமரான், கூப்பர், நியூஃபெல்ட் ஆகியோர் இந்த மன்னோபுரதம் ஒரு சிறந்த பால்மமாக்கி என்பதை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை எளியது. ரொட்டி ஈஸ்டை நடுநிலைச் சிட்ரேட் கரைசலில் கலந்து, ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியால் சூடாக்கினர். சுவரிலிருந்து மன்னோபுரதம் கரைந்து வெளிவந்தது. நுண்வடிகட்டிச் சவ்வின் வழியே தூய்மையாக்கிப் பார்த்தபோது, அதில் சர்க்கரை ஏறக்குறைய 44 விழுக்காடும் புரதம் 17 விழுக்காடும் இருந்தன. மண்ணெண்ணெயையும் நீரையும் இது பால்மமாக்கியது. நீரில் 5 விழுக்காடு வரை உப்பு இருந்தபோதும், 50 விழுக்காடு வரை எத்தில் ஆல்கஹால் இருந்தபோதும் பால்மம் குலையவில்லை.

அளவில் புரதம் குறைவாயிற்றே, அப்படியானால் வேலையைச் செய்வது சர்க்கரைதானோ என்ற ஐயம் எழலாம். இந்த ஐயத்தையும் அவர்கள் தீர்த்தனர். புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது பால்மமாக்கும் ஆற்றல் அறவே போய்விட்டது. ஆகவே புரதம் இன்றியமையாதது. அது எண்ணெய்த் துளியில் நங்கூரம்போல் பற்றிக்கொள்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் நீருக்குள் நீண்டு, கம்பளியின் மயிர்போல் நின்று, அடுத்த துளி நெருங்காமல் தடுக்கின்றன.

பாலோடு ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம், மின்னேற்றத்தின் துணையால் பெரிதும் விலகி நிற்பது. பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலத்தால் அம்மின்னேற்றம் நடுநிலையாகி, கேசின் திரண்டு பால் திரிந்துவிடுகிறது. மன்னோபுரதத்திலோ சர்க்கரைச் சங்கிலிகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால், அமிலமோ உப்போ வந்தாலும் துளிகள் எளிதில் ஒட்டுவதில்லை. தொழிற்சாலையில் எல்லா நீரும் ஒரே தன்மையாய் இராது. போர்வெல் நீரின் உப்பு ஊருக்கு ஊர் மாறும். ஆதலின் இக்குணம் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

ஈஸ்ட் மட்டுமன்றிப் பாக்டீரியங்களும் இத்தகைய பொருள்களைத் தருகின்றன. அசினிட்டோபாக்டர் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியம் உண்டாக்கும் அலாசான் என்னும் பொருளை இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 1995-ஆம் ஆண்டில் விவரித்தனர். அதிலும் சர்க்கரையும் புரதமும் கலந்திருந்தன. அதன் ஆற்றல் முதன்மையாக ஒரு புரதத்திலேயே இருப்பதை 2002-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆயினும் ஈஸ்டுக்கு ஒரு தனித் தகுதி உண்டு. மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக உணவோடு சேர்த்து உண்டுவரும் நுண்ணுயிர் அது.

ஆய்வுக்கூடத்தில் கண்டது

படித்ததைக் கண்ணால் காண வேண்டும் என்னும் ஆவலால், எங்கள் துறைப் பேராசிரியரின் அனுமதியோடு ஓர் எளிய செய்முறையைச் செய்து பார்த்தேன். பேக்கரியில் வாங்கிய ஈஸ்டைச் சிட்ரேட் கரைசலில் கலந்து, தாவரவியல் துறையின் ஆட்டோகிளேவில் சூடாக்கினேன். ஆறிய பின் மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்துக்கொண்டேன். மூன்று சோதனைக் குழாய்களில் சம அளவு மண்ணெண்ணெய். முதற் குழாயில் வெறும் சிட்ரேட் கரைசல். இரண்டாவதில் சூடாக்காத ஈஸ்டின் தெளிநீர். மூன்றாவதில் சூடாக்கிய ஈஸ்டின் தெளிநீர். மூன்றையும் ஒரே அளவு நேரம் குலுக்கித் தாங்கியில் நிறுத்தினேன்.

முதற் குழாயில் சில நிமிடங்களிலேயே எண்ணெய் பிரிந்துவிட்டது. இரண்டாவதில் மெல்லிய நுரை மட்டும் சிறிது நேரம் நின்றது. மூன்றாவதில் தயிரேடு போன்ற வெண்ணிற அடுக்கு உண்டாகி, மறுநாளும் இருந்தது. 24 மணி நேரம் கழித்துப் பால்ம அடுக்கின் உயரத்தை அளந்து, அதை மொத்தத் திரவத்தின் உயரத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது பால்மக் குறியெண். உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இவ்வளவைக்கு ஓர் அளவுகோலும் கடிகாரமுமே போதும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரியிலும் இதைச் செய்யலாம் என்பதற்காகவே இதை இங்கு விரிவாகக் கூறினேன்.

ஒரு கேள்வி

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். என் தந்தையார் கோவையில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் கைகள் நாள் முழுதும் கூலன்டில் நனைந்தபடியே இருக்கும். நீரில் எண்ணெயைப் பால்மமாக்கிய அந்த வெண்ணிறத் திரவம், கடையும் உளியின் சூட்டைத் தணிப்பதோடு உராய்வையும் குறைக்கிறது. விரலிடுக்குகளில் வெடிப்பும் அரிப்பும் அவருக்கு ஓயாத துன்பம். கூலன்டிலுள்ள எண்ணெய், பால்மமாக்கி, கிருமிக்கொல்லி முதலியவை இத்தகைய தோல் நோயை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி.

ஆகவே ஈஸ்ட் புரதத்தைப் பற்றி அவரிடம் ஆர்வத்தோடு விளக்கினேன். சாப்பிடும் பொருளிலிருந்தே கூலன்ட் செய்யலாம், கைக்கும் கேடில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டவர், "ஏங்கண்ணு, ஞாயித்துக்கிழமை மிஷின் ஓடலைன்னாலே திங்கக்கிழமை தொட்டிய தொறக்க முடியலை, அந்த நாத்தம் நாறுது. சாப்பிடற பொருளைப் போட்டா, அந்தக் கிருமிக்கு நாமளே சோறு போட்ட மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார்.

நான் படித்த எந்த நூலும் இக்கேள்வியை இவ்வளவு தெளிவாக எழுப்பவில்லை. அவர் கூறியது முற்றிலும் உண்மை. எந்திரம் நிற்கும்போது கூலன்ட் தொட்டியில் காற்றோட்டம் குறைகிறது. உயிர்வளி அற்ற அந்நிலையில் சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியங்கள் பெருகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் அதனால் வருவதே. மாதக்கணக்கில் ஒரே தொட்டியில் சுற்றிவரும் கூலன்டில் புரதத்தைச் சேர்த்தால் அது கிருமிகளுக்கு விருந்தாகும். விருந்தைத் தடுக்கக் கிருமிக்கொல்லியைக் கூட்டினால், அதே கைகளுக்கு மீண்டும் அரிப்பு வரும்.

ஆற்றில் சிதைந்துவிடும் என்பதற்காக எந்தக் குணத்தைப் போற்றினோமோ, அதே குணம் தொட்டியில் குறையாகிறது. இயற்கையானது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் எவ்விடத்துக்கும் ஏற்றதாகிவிடாது என்பதை அன்று உணர்ந்தேன்.

எங்கே பொருந்தும்?

அப்படியானால் இப்புரதம் பயனற்றதா? இல்லை. எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்பதைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உழவர்கள் பூச்சி விரட்ட வேப்பெண்ணெய் தெளிக்கின்றனர். வேப்பெண்ணெய் நீரில் கலவாது. ஆதலால் சோப்புக் கரைசலைச் சேர்த்துக் கலக்குவர். இந்தப் பால்மம் காலையில் கலக்கி, தெளிப்பான் காலியாகும் வரை தாங்கினால் போதும். அதன்பின் இலையிலும் மண்ணிலும் விழும் பால்மமாக்கி சிதைந்து போவதே நன்று. இங்கே புரதத்தின் குறுகிய வாழ்நாள் குறையன்று, தகுதியே. உப்பு நீரிலும் பால்மம் நிற்கும் என்பது மற்றொரு நன்மை.

உணவுத் தொழில் இரண்டாவது இடம். அங்குப் பொருளைச் சூடாக்கிக் கிருமி நீக்கி அடைப்பதும், குளிரில் வைப்பதும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை. எனவே புரதம் கெடும் என்ற அச்சம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டில், திராட்சை மதுவில் படிகங்கள் படியாமல் காக்க ஈஸ்ட் மன்னோபுரதத்தைச் சேர்க்க அனுமதித்தது. அது பால்மத் தொழில் அன்று எனினும், இப்பொருளைப் பேரளவில் பிரித்தெடுத்து விற்க இயலும் என்பதற்குச் சான்று.

குளிர்பானங்களுக்கு மணமூட்டும் எண்ணெயைக் கலக்க இன்று பெரிதும் பயன்படுவது, சூடான் முதலிய நாடுகளிலிருந்து வரும் அராபிக் பிசின். அதிலும் ஏறக்குறைய 2 விழுக்காடே உள்ள புரதம்தான் எண்ணெயைப் பற்றிக்கொள்கிறது. சூடானில் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் மூண்டபோது, ஒரே நிலப்பகுதியை நம்பியிருப்பதன் இடர் உலகத் தொழில்களுக்குத் தெரிந்தது. ஈஸ்டை எந்நாட்டிலும் வளர்க்கலாம்.

மூலப்பொருளும் தடைகளும்

இதற்கென ஈஸ்டைப் புதிதாக வளர்த்தால் விலை கட்டுப்படியாகாது. ஆனால் வளர்த்து முடித்த ஈஸ்ட் வேறு தொழில்களில் கழிவாக மிஞ்சுகிறது. பீர் ஆலைகளில் ஒவ்வொரு முறையும் ஈஸ்ட் மிகுகிறது. அதில் பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகிறது. மொலாசஸிலிருந்து எரிசாராயம் தயாரிக்கும் நம் மாநில ஆலைகளிலும் ஈஸ்டே வேலை செய்கிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 1902-ஆம் ஆண்டில், பீர் ஆலைகளின் ஈஸ்டிலிருந்து மார்மைட் என்னும் உணவுப் பொருளைத் தயாரிக்கத் தொடங்கினர். ஈஸ்டின் உட்சாற்றை எடுத்த பின் செல்சுவர் மிஞ்சும். நமக்கு வேண்டியதோ அந்தச் சுவரே. மெக்கில் ஆய்வாளரும் பீர், திராட்சை மது ஆலைகளின் எஞ்சிய ஈஸ்ட் இதற்கு ஏற்ற மூலப்பொருளாகலாம் என்றே கூறினர்.

தடைகளும் உண்டு. பீர் ஆலை ஈஸ்டில் ஹாப்ஸ் என்னும் மலரின் கசப்பு ஏறியிருக்கும். அதை நீக்க வேண்டும். ஈஸ்டின் மணமும் பழுப்பு நிறமும் எல்லாப் பொருளுக்கும் ஒவ்வா. சூடாக்கவும், வடிகட்டவும், உலர்த்தவும் எரிபொருள் செலவாகும். உயிரிலிருந்து பெறுவதால் ஒவ்வொரு தொகுதியும் சற்று வேறுபடும். தொழிற்சாலையோ என்றும் ஒரே தரத்தை எதிர்பார்க்கும். இவை பெரும்பாலும் வேதியியலாரும் பொறியாளரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய சிக்கல்கள்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து, எந்தப் பால்மமாக்கியையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம் என்று எண்ணுகிறேன். அது எதிலிருந்து வருகிறது? எவ்வளவு காலம் தாங்க வேண்டும்? வேலை முடிந்தபின் எங்கே போய்ச் சேர்கிறது? முதற் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் ஈஸ்ட் புரதம் நல்ல விடை தருகிறது. இரண்டாம் கேள்விக்கு அதன் விடை இடத்துக்கு இடம் மாறுகிறது. தெளிப்பானுக்கு ஏற்றது கூலன்ட் தொட்டிக்கு ஏற்காது. தொழிலாளியின் கைகளுக்குக் கேடு செய்யாமலும், தொட்டியில் கெடாமலும் இருக்கும் கூலன்டைக் காண்பது இன்னும் செய்து முடிக்க வேண்டிய வேலையே.

கேள்வி பிறப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அக்கேள்விக்கு விடை காணும் முறையைக் கற்பதற்கே நாம் கல்லூரிக்கு வந்திருக்கிறோம். ஆகவே நண்பர்களே, நம் வீட்டாரும் ஊராரும் செய்யும் தொழில்களில் உள்ள கேள்விகளைக் கேட்டு, அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். சோதனைக் குழாயும் அளவுகோலும் அங்கே காத்திருக்கின்றன.